பதினொரு பேர் பட்டியல்: கந்தக மண்ணிலிருந்து ஒரு வாசிப்பு

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நான் தாள் எண்ணுகிற வேலையில் இருந்தபோது இந்தியக் கிரிக்கெட் அணியின் படம் போட்ட காலண்டர் ஒன்று அச்சாகியது. மஞ்சள் ஒரு ஓட்டம், சிவப்பு ஒரு ஓட்டம், நீலம் ஒரு ஓட்டம் என்று நிறம் நிறமாக ஏறி, கடைசியில் கறுப்பு விழும்போதுதான் முகங்களுக்குக் கண் திறக்கும். மிஷின்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன்: "இதுல நம்ம பக்கத்து ஆளு யாரும் உண்டா அண்ணாச்சி?" அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "படம் அடிச்சது நம்ம ஊர்லதான. பெறகென்னலே?"

அந்தப் பதிலில் இருந்த கேலி எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. அணி ஜெயித்தால் கொளுத்துகிற சரவெடி எங்கள் பக்கத்துப் பெண்கள் பின்னியது. ஆட்டக்காரன் சிரிக்கிற காலண்டரும் நோட்டு அட்டையும் எங்கள் ஊரில் அடித்தது. அந்த ஆட்டக்காரன் சிகரெட் பற்றவைத்திருந்தால் அந்தத் தீக்குச்சிகூட எங்கள் பிள்ளைகள் அடுக்கிய கட்டையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். பட்டியலில் மட்டும் ஊர்ப்பெயர் கிடையாது.

சென்னை மாகாண அணி, பிறகு மெட்ராஸ் அணி, அதன்பின் தமிழ்நாடு அணி: இதிலிருந்து எந்தெந்த வருஷம் யார் யார் இந்திய அணிக்கு எடுக்கப்பட்டார்கள் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஆட்கள் எல்லா ஊர் டீக்கடையிலும் உண்டு. அதை வரலாற்று ஆவணமாக வாசித்தவர்கள்தான் குறைவு. புள்ளிவிவரக்காரர்களுக்கு அது எண், ரசிகர்களுக்குப் பெருமை. நம் இடதுசாரித் தோழர்களுக்கோ கிரிக்கெட் என்றாலே முதலாளியப் போதை, அத்தோடு விஷயம் முடிந்தது. எனக்கு அந்தப் பட்டியல் வேறொரு கணக்கைச் சொல்வதாகத் தோன்றுகிறது: இந்த நாட்டில் யாருக்குச் சாயங்காலம் இருந்தது, யாருக்கு இல்லை என்கிற கணக்கு.

சேப்பாக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுக்கானது. அதன் பெவிலியனுக்குள் இந்தியர்களுக்கு இடமில்லை. இந்த அவமதிப்புக்கு எதிர்வினையாகத்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையில் ஒரு போட்டிக்கு 1908இல் ஏற்பாடு செய்தவரும் அவர்தான். ஆட்டம் நடக்கும் முன்பே இறந்துபோனார். 1915–16 முதல் 1951–52 வரை முதல்தர ஆட்டமாக, பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி மேட்ச் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. தென்னிந்தியாவில் தேர்வுப் பட்டியல் என்ற ஒன்று பொதுமக்கள் பேசுகிற விஷயமானது இதனால்தான். வெள்ளையனை எதிர்த்து ஆட 'இந்தியர்' என்ற பெயரில் பதினொரு பேர் வேண்டும். யார் அந்தப் பதினொருவர்?

இதைக் காலனிய எதிர்ப்பு என்று மட்டும் வாசித்து நிறுத்திக்கொள்வது வசதியானது. தேசியவாத வரலாற்றெழுத்து அப்படித்தான் செய்கிறது. எதிர்ப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'இந்தியர்' என்று கூப்பிடப்பட்டவர் அநேகமாகச் சென்னை நகரத்துக் கிளப் ஒன்றில் பெயர் உள்ளவர். கிளப்பில் பெயர் வர வேண்டுமானால் மாலை நாலரை மணிக்கு வெள்ளை உடுப்பில் மைதானத்தில் நிற்க முடிந்திருக்க வேண்டும். தெற்கே அதே நாலரை மணிக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் தன் ஊர் கிளப்புகளைத் தோல் நிறத்தின் படிநிலையாகவே விவரிக்கிறார். வெள்ளையருக்கு ஒன்று, மாநிறத்தவருக்கு ஒன்று, கறுப்பு நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, கறுப்பு உழைப்பாளிகளுக்கு வேறொன்று. எந்தக் கிளப்பில் சேருவது என்ற கேள்விதான் தன் அரசியலின் முதல் கேள்வி என்று அவர் பின்னால் உணர்ந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் அணி முழுக்கக் கறுப்பர்கள் ஆடியபோதும் தலைமை வெள்ளையரிடமே இருந்தது. ஃபிராங்க் வோரலைத் தலைவராக்கச் சொல்லி 1960இல் ஜேம்ஸ் தன் பத்திரிகையில் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நம்மிடம் நிறத்தின் இடத்தில் சாதியும் ஊரும் நிற்கின்றன.

பம்பாய்ப் பக்கம் இது பச்சையாகத் தெரிந்தது. பல்வங்கர் பாலு புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரித்த தலித் இளைஞர். பயிற்சிக்கு அவரைப் பந்து வீசச் சொன்ன துரைமார்கள் மட்டையைக் கையில் கொடுத்ததில்லை. 1911இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பிய பின்னும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. (இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார் என்பது தனிக் கதை. ஒடுக்கப்பட்டவரின் ஆட்டத்திறனை எந்தக் கட்சி எதற்குப் பயன்படுத்தியது என்று யாராவது விரிவாக எழுத வேண்டும்.) பாலு பட்டியலில் இருந்தார். பட்டியலில் இருப்பதும் பட்டியல் போடுவதும் வேறு என்பதற்கு அவரைவிடச் சாட்சி தேவையில்லை.

சென்னைக்குத் திரும்புகிறேன். 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராசுக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது, ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். இந்த இரண்டு பேரையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கோபாலன் மொரப்பாக்கம் என்ற செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தன் முதலெழுத்தில் சுமந்தவர். சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் கண்ணில் பட்டு, திருவல்லிக்கேணி கிளப்பில் இடமும் பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்த பிறகே அவரது ஆட்ட வாழ்க்கை தொடங்குகிறது. திறமைக்குக் கிடைத்த பரிசு என்று இதைச் சொல்வார்கள். வரிசையைக் கவனியுங்கள்: துரை, கம்பெனி, சம்பளம், அப்புறம் கிரிக்கெட். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். 1935இல் தியான்சந்தோடு ஹாக்கி அணியில் நியூசிலாந்து போனார். 1936இல் இரண்டு அழைப்புகள்: பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்டில்கூட இடம் தரவில்லை. அந்தக் கல்கத்தா டெஸ்ட்தான் முதலும் கடைசியும்.

அந்தப் பயணத்தின் தலைவர் விஜயநகரத்து மகாராஜ்குமார். ஆட்டத்தால் அல்ல, பணத்தாலும் தொடர்பாலும் தலைமைக்கு வந்தவர். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தைப் பாதியில் கப்பலேற்றி அனுப்பிய பயணம் அது. அதே அணியில் புச்சிபாபுவின் மகன் கோட்டா ராமசாமி 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. அதோடு அவரும் சரி. டேவிஸ் கோப்பை டென்னிசும் ஆடிய இந்த மனிதர் 1985இல் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியேறியவர் திரும்பி வரவேயில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய வீட்டுப் பிள்ளைக்கு நாற்பது வயதிலும் காத்திருக்க முடிந்தது. ஆட்டம் அவருக்குப் பிழைப்பு இல்லை.

ராம் சிங் அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரரானவர். மட்டையும் பந்தும் இரண்டும் கைவந்த இடதுகைக்காரர். ஒரு அதிகாரபூர்வ டெஸ்ட் கூட அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் கிருபால் சிங் 1955இல் ஹைதராபாத்தில் தன் முதல் டெஸ்ட்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். தகப்பனுக்கு மறுத்ததை மகன்களுக்குக் கொடுத்தார்கள் என்று ஆறுதல் சொல்லலாம்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்திய பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். ரங்காச்சாரி, கோபிநாத், கிருபால், மில்கா, வி.வி. குமார், வெங்கட்ராகவன். பிறகு எண்பதுகளில் ஸ்ரீகாந்த், சேகர், சிவராமகிருஷ்ணன், அருண், டபிள்யூ.வி. ராமன். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில்தான். குமார் 1961இல் டெல்லியில் முதல் டெஸ்ட்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவர். மொத்தம் இரண்டே டெஸ்ட். ரஞ்சியில் 400க்கு மேல் விக்கெட் எடுத்துக்கொண்டே இருந்தார், கூப்பிடத்தான் ஆளில்லை. மெட்ராஸ் 1954–55இலும் தமிழ்நாடு 1987–88இலும் ரஞ்சிக் கோப்பையை வென்றன. முதல் முறை தலைவர் பாலு அழகணன், இரண்டாம் முறை எஸ். வாசுதேவன். கோப்பையைத் தூக்கிய இரு தலைவர்களும் இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடவில்லை.

இங்கேதான் ஒரு சொல்லாடல் உருவாகிறது. 'பம்பாய்க்காரன் நம்மை அமுக்கிட்டான்', 'வடக்கத்தியான் கமிட்டி' என்கிற புலம்பல். சென்னையின் விளையாட்டுப் பக்கங்களை வாசித்து வளர்ந்த எல்லோருக்கும் இது தாய்ப்பால் போல. எனக்கும் பிடித்த புலம்பல்தான். ராம் சிங்கையும் குமாரையும் நினைத்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்குள் இந்தப் புலம்பல் செய்த வேலை வேறு. சென்னை தன்னைப் பாதிக்கப்பட்டவளாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால், சென்னை யாரைப் பாதித்தது என்ற கேள்வி எழவேயில்லை. டெல்லிக்கும் பம்பாய்க்கும் முன்னால் மெட்ராஸ் எப்படியோ, மெட்ராசுக்கு முன்னால் சாத்தூரும் கோவில்பட்டியும் அருப்புக்கோட்டையும் அப்படி. விளிம்பு என்று தன்னை அழைத்துக்கொண்டது ஒரு மையம்.

சாதியைச் சொல்லாமல் போக முடியாது. சென்னையின் கிளப்புகளிலும் நிர்வாகத்திலும் ஆடுகளத்திலும் பிராமணர்களின் இடம் அவர்களுடைய மக்கள்தொகைக்கு எவ்விதத்திலும் பொருந்தாத அளவுக்குப் பெரியது என்பது பலரும் எழுதிவிட்ட விஷயம். ஒவ்வொரு பெயராக எடுத்து சாதி பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அப்படிப் பார்ப்பவர்கள் ராம் சிங் குடும்பத்திடம் வந்து முட்டிக்கொள்வார்கள். சாதி இங்கே நேரடியாகக் கதவை அடைப்பதைக் காட்டிலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மைதானங்களாக, ஆங்கிலம் பேசும் பள்ளியாக, வங்கி வேலையாக உருமாறி நிற்கிறது. சென்னை லீக்கில் வங்கிகளும் கம்பெனிகளும் அணி வைத்திருந்தன. ஆட்டக்காரனுக்கு அங்கேயே உத்தியோகம். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வலைப்பயிற்சிக்குப் போகலாம். அதில் ஒரு கம்பெனி இந்தியா சிமெண்ட்ஸ். அதன் முதல் ஆலை 1949இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் எழுந்தது. எங்கள் தெற்கத்திச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட்டாகி, சிமெண்ட் லாபமாகி, லாபம் சென்னையில் கிரிக்கெட் ஆயிற்று. 2008இல் அதே கம்பெனி சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது.

இனி நாலரை மணிக்கு வருகிறேன்.

விருதுபட்டியில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் விடாத சமூகத்திடம் நாடார் வணிகர்கள் கெஞ்சிக்கொண்டிருக்காமல், மகமைப் பணத்தில் தாங்களே கட்டிக்கொண்ட பள்ளி. காமராஜர் படித்த இடம். பத்து வருஷம் கழித்து 1899இல் சிவகாசியில் ரத்தக்களரி. அந்தப் பின்னணியில்தான் 1920களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததைப் பார்க்க வேண்டும். மழை பொய்த்த கரிசல், காய்ந்த காற்று, கூலிக்கு ஏராளமான கைகள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்றும் வேர் பிடித்தன. 'குட்டி ஜப்பான்' என்று பெயரும் வந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு சாதியின் எழுச்சி வரலாற்றில் இது மகத்தான அத்தியாயம். நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த எழுச்சியின் அடியில் வேறு பிள்ளைகளின் விரல்கள் இருந்தன என்பதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தலித் பிள்ளைகள், சம்சாரித்தனம் அழிந்த வீட்டுப் பிள்ளைகள், நாடார்களிலேயே ஏழைப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்.

விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வரும். (எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர். ஆபீஸுக்குப் போகிறான் என்றால் வெளியூர்க்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.) தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி வண்டியில் போடுகிற அம்மாமார்களைப் பார்த்திருக்கிறேன். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. அடுக்கின கட்டைக்கு இவ்வளவு, ஒட்டின குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. குரோஸ் என்றால் 144 பெட்டி. ஆபீஸ் போகாதவர்களுக்கு வீட்டுத் திண்ணையிலேயே வேலை வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நாலரை மணிக்குப் பசைத்தட்டு முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைத்தும் எழுந்திருக்காது. ரஞ்சிப் பருவம் தொடங்கும் காலம் தீபாவளியை ஒட்டி வருவது. எங்களுக்கு அதுதான் ராப்பகல் வேலை நடக்கிற மாதம்.

வேலை நடக்கும்போது ரேடியோ ஓடும். அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்லுவார். சேப்பாக்கத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதை நாங்கள் விரலில் பசையோடு கேட்போம். 1983 ஜூன் 25 ராத்திரி லண்டனில் ஸ்ரீகாந்த் 38 ரன் எடுத்தார், அந்த இறுதியாட்டத்தில் இரு அணியிலும் அதுதான் அதிகம். மறுநாள் ஊரில் வெடிச்சத்தம். எங்களூர் வெடி, எங்களூரிலேயே வெடித்த அபூர்வமான நாள்.

ஆடாமல் இல்லை. வற்றிய கண்மாய்க்குள் ஆடினோம். கரிசல் வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று பந்துக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார், இடதுகைச் சுழற்பந்து. பெயர் வேண்டாம். எட்டாவதோடு படிப்பை விட்டவர். மருந்து முக்குகிற இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம். வெடிப்பை அவர் படித்து வைத்திருந்த மாதிரி நான் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. யாரோ ஒரு வாத்தியார் சொல்லி ஒரு தேர்வுக்குப் போனார். வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ கட்டாயம். பேண்ட் ஒருவரிடம், ஷூ ஒருவரிடம் இரவல். முதல் நாள் வீசச் சொன்னார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தோல் பந்து கையில். மறுநாளும் வா என்றார்கள். மறுநாள் வேலை நாள். அவருடைய அம்மா ஆபீஸில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். போகவில்லை. பின்னால் ஒருமுறை கேட்டதற்குச் சொன்னார்: "ரெண்டாம் நாளும் போயிருந்தேன்னு வச்சுக்கோ, எடுத்திருப்பானுகளா? எடுத்திருக்க மாட்டானுக. ஆனா எடுக்கலன்னு தெரிஞ்சிருக்கும்ல."

தகுதி, திறமை என்று 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் அடிக்கடி காட்டிய உதாரணம் கிரிக்கெட் அணி. 'அங்கே இட ஒதுக்கீடு கேட்பீர்களா?' என்று நக்கலாகக் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் அந்தக் கேள்விக்கு மழுப்பினார்கள். மழுப்பத் தேவையில்லை. தகுதி அளக்கப்படுவது இரண்டாம் நாளில். இரண்டாம் நாள் வர முடியாதவனைத் தகுதியில்லாதவன் என்று எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை. அவனைப் பற்றி எதுவுமே எழுதுவதில்லை. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழ் என்று கோடு கிழித்தது. எனக்கு அப்போது பதினைந்து. சட்டப்படி நான் பெரிய ஆள். எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1990இலும் 1996 டிசம்பரிலும் சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்தே தீர்ப்பளித்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது இரண்டாவது தீர்ப்பு. தீர்ப்புகளில் கல்வி இருந்தது, கூலி இருந்தது, உடல்நலம் இருந்தது. விளையாட்டு என்பது பறிபோன சொத்துகளின் கணக்கில் ஏறவேயில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் வந்திருக்கிறேன் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது. கண்மாயில் நாங்களாவது ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். அக்காமார்கள் ஞாயிறும் ஒட்டினார்கள். 1976இல் இந்தியப் பெண்கள் அணி மேற்கிந்தியத் தீவுகளோடு முதல் டெஸ்ட் தொடரை ஆடியபோது சென்னையிலிருந்து சுதா ஷாவும் ஃபௌசியா கலீலியும் அதில் இருந்தார்கள். கந்தகத் தொழிலில் பெரும்பான்மை பெண்கள்தான். பத்திரிகைகளில் எங்கள் பெண்களின் பெயர்கள் வரிசையாக அச்சான பட்டியல் விபத்துப் பட்டியல் ஒன்றுதான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் செத்தபோது ஆஸ்பத்திரி வாசலில் தாள் ஒட்டினார்கள். அதை விரல் வைத்து வாசித்தவர்களை நான் மறக்க முடியாது.

பட்டியல் கொஞ்சம் திறந்திருப்பதை மறைக்கக் கூடாது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. ஆட்டங்கள் திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்கும் திருநெல்வேலி சங்கர்நகருக்கும் போயின. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த நடராஜன், வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போகப்பட்டு, 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக மூன்று வகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் இந்தியாவுக்கு அறிமுகமானார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள்: 'பார்த்தீர்களா, திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது.' தொண்ணூறு வருஷப் பட்டியலுக்கு ஒரு மனிதர் நற்சான்றிதழ் ஆகிவிட்டார். அவரே அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அவர் செய்த காரியமே அத்தாட்சி: சொந்தக் காசில் சின்னப்பம்பட்டியில் மைதானம் கட்டினார், 2023 ஜூனில் திறந்தார்கள். தடுக்க எதுவும் இல்லையென்றால் மைதானம் எதற்கு?

எங்கள் கந்தக வட்டாரத்திலிருந்தும் தெற்கேயிருந்தும் இந்திய அணிக்கான வழி கிரிக்கெட்டின் வழியாக வரவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்தார். 1995க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கபடிக்கு ஷூகூட வேண்டாம், இருட்டினால் ஒரு குண்டு பல்பு போதும். வேலை முடிந்து வந்தும் ஆட முடிகிற ஆட்டம். 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' படத்தில் மாரி செல்வராஜ் இந்தத் தேர்வுக் கதையைத்தான் சாதியோடு சேர்த்துச் சொன்னார்.

தீப்பெட்டிக்கு இன்னொரு தலைநகரான கோவில்பட்டியில் ஹாக்கி பல தலைமுறைப் பழக்கம். மண் தரையில் ஆடுகிறவரை ஹாக்கி ஏழையின் ஆட்டமாக இருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் செயற்கைப் புல் வந்தது. இந்தியா ஏழாம் இடத்துக்குப் போயிற்று. தேசம் தோற்றதைப் பற்றி நிறைய எழுதினார்கள். செயற்கைப் புல் இல்லாத ஊரெல்லாம் அன்றோடு பட்டியலுக்கு வெளியே போயிற்று என்பதை எழுதவில்லை. கோவில்பட்டிக்குச் செயற்கைப் புல்லும் அரசின் பயிற்சி மையமும் வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று. வந்த கொஞ்ச காலத்தில், 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இரண்டு பெயர்கள்: கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயின்ற செல்வம் கார்த்தி. பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டார். அணி வெண்கலத்தோடு திரும்பியது. கிரிக்கெட்டுக்கு முக்கால் நூற்றாண்டு எடுத்தும் நடக்காதது எப்படி நடந்தது என்று ஆராய்ச்சி தேவையில்லை. மைதானம் ஊருக்கு வந்தது. பையன்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கிடைத்தன. சாயங்காலம் அவர்களுடையதாக இருந்தது.

அந்தச் செய்தி வந்த பிறகு ஒருநாள் எங்கள் தெரு அண்ணனைக் கோவில்பட்டி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அறுபதை நெருங்கிவிட்டார். மருந்தில் வெந்த விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷினில் கை வைத்தால் எடுக்காது என்று சொல்லிச் சிரிப்பார். வேலை நாள்தான், மணி நாலரை இருக்கும். நீலப் புல்லில் தண்ணீர் அடித்துவிட்டு, பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்நேரத்துக்கு இவனுக வேலைக்குப் போகலையா?"

"படிக்கிறானுகண்ணே. இதுவும் படிப்புதான்."

"அப்படியா" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்குப் போடுகிறவரைக்கும் நின்றார்.